பாத்திரம் உன்னிடம் வரும்போது

மகனே,

நம் வீட்டில் யார் கடிதம் எழுதினாலும் தாளின் தலைப்பில் ஸ்தோத்திரம் என்று போட்டுத்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். மேலே ஸ்தோத்திரம் போட்டுவிட்டுக் கீழே மழுப்பி எழுதுவது எனக்குக் கைவந்த கலை. இந்த முறை அது வேண்டாம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ ஓசூரிலிருந்து போன் செய்து, "ப்பா, கல்யாண ஆராதனையில திருவிருந்து வேணாம்னு பாஸ்டர்கிட்ட சொல்லிடுங்க" என்றாய். "சரிடா, பாத்துக்கறேன்" என்று நானும் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அதுதான் ஞாபகம், ஜெபிக்க உட்கார்ந்தாலும் அதுதான் ஞாபகம்.

போனிலேயே பேசியிருக்கலாமே என்று நீ கேட்பாய். போனில் நாம் இரண்டு பேரும் சாப்பிட்டாயா, மழை பெய்ததா என்பதைத் தாண்டிப் போனதே இல்லை. அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுதினால் யாரும் குறுக்கே வர மாட்டார்கள். உன் பெயரையும் என் பெயரையும் இதில் எங்கும் போடவில்லை. இது யார் கையில் கிடைத்து யார் படித்தாலும் இப்போது எனக்கு ஒன்றும் இல்லை. உன்னைப் போன்ற பிள்ளைகளும் என்னைப் போன்ற தகப்பன்களும் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவருக்கு இது உதவினால் உதவட்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுத்துவிட்டது. முட்டி வலி, சர்க்கரை, ராத்திரியில் வராத தூக்கம், இதெல்லாம் வயதின் அலுப்பு. அதைப் பற்றிச் சொல்லி உன்னைப் பயமுறுத்த மாட்டேன். நான் சொல்வது வேறு. நல்லவன் மாதிரியே இருந்து இருந்து ஒரு மனுஷனுக்கு வருகிற அலுப்பு. சபையில் மூப்பர், வேதபாட வகுப்பில் வாத்தியார், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ கூட ஓசியில் குடிக்காத டைம் கீப்பர். "டி.கே. சார் மாதிரி இருக்கணும்டா" என்று கண்டக்டர்கள் தங்கள் பிள்ளைகளிடம் சொல்வார்களாம். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. அந்தக் கனத்தை நான் விசுவாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நடந்ததை உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள், என் மானத்தைக் காப்பாற்றுவதாக அவளுக்கு எண்ணம். சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவள் அதிரசம் சுட்டு டப்பாவில் போட்டு பீரோ மேல் வைத்திருந்தாள், வருகிறவர்களுக்குக் கொடுக்க. அவள் மாடியில் துணி காயப்போடப் போன நேரமாகப் பார்த்து நான் நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். ஒன்றுதான் என்று நினைத்து எடுத்தேன். இறங்கக்கூடப் பொறுமை இல்லாமல் நாற்காலி மேலேயே நின்று இரண்டாவதையும் தின்றுகொண்டிருந்தபோது, கதவருகே அவள் வாளியோடு நின்றிருந்தாள். "கர்த்தர் பாக்கறாரு, கர்த்தர் பாக்கறாருன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நான் வந்து நிக்கறது கூட உங்களுக்குத் தெரியலையா? இறங்குங்க, விழுந்து வைக்கப் போறீங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஒரு அதிரசத்தை விட முடியாத கிழவன், உன்னைப் பார்த்து எத்தனை வருஷம், "மனசு வச்சா விட முடியாதா?" என்று கேட்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

நீ குடிக்கிறாய் என்று எனக்குக் கடைசியாகத்தான் தெரியும் என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். அது பொய். செங்கம் ரோட்டில் அந்த விடுதியில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே உன் சட்டையில் வாசனை வந்தது. ஏலக்காய் மென்றுகொண்டு வீட்டுக்குள் வருவாய். ஏலக்காய் வாசனை நம் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருகிற வாசனை, ஆடி மாசத்தில் வந்தால் எந்த அப்பனுக்கும் தெரியாமல் போகாது. எனக்குத் தெரிந்தது, கேட்கத்தான் பயம். கேட்டால் நீ ஆமாம் என்பாய், ஆமாம் என்றால் அது நம் வீட்டில் இருக்கிறது என்றாகிவிடும். அதனால் பேசாமல் இருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அப்புறம் பஸ் ஸ்டாண்டில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்காது, இருக்கிற நிலையில் நீ இல்லை. அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வருகிற கூட்டத்துக்காகச் சிறப்புப் பஸ்கள் மத்தியானத்திலிருந்தே வந்துகொண்டிருந்தன. நான் மைக்கில் வண்டி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டக்டர் ஏழுமலை வந்து ஜன்னலைத் தட்டினான். "டி.கே. சார், மைக்க வச்சுட்டுக் கொஞ்சம் வாங்க" என்றான். வேலூர் வண்டி நிற்கிற இடத்தில், தூண் ஓரமாக, நீ ஒரு செருப்போடு கிடந்தாய். எனக்கு முதலில் வந்த எண்ணம் உனக்கு அடிபட்டதா என்பது இல்லை. "பின்பக்கமா கூட்டிட்டுப் போ ஏழுமலை, ஆளுங்க பாக்கறாங்க" என்றேன். அவன் உன்னைத் தூக்கி நிறுத்திக்கொண்டே, "எல்லாரும் பாத்தாச்சு சார், இனிமே பின்பக்கம் போனா இன்னா, முன்பக்கம் போனா இன்னா" என்றான். நான் திரும்பப் போய் மைக்கில் உட்கார்ந்துவிட்டேன். உன்னை வீட்டில் கொண்டுவந்து விட்டவன் அவன்.

ஏழுமலையும் குடிப்பவன்தான். கார்த்திகையில் மாலை போட்டால் கழற்றும் வரைக்கும் தொட மாட்டான், வெறுங்காலோடு டிக்கெட் கிழிப்பான், யாரைப் பார்த்தாலும் சாமி என்பான். அவன் ஒருநாள் என்னிடம் கேட்டான்: "மாலை போட்டா எனக்கு அந்த நெனப்பே வராது சார். கழட்டினன்னிக்கு சாயந்தரமே வந்துடும். உங்க ஆளுங்களுக்கு இந்த மாதிரி ஒண்ணும் கெடையாதா?" நான் பெருமையாக, "நாங்க வருஷம் பூரா மாலை போட்ட மாதிரிதான் இருக்கணும் ஏழுமலை" என்றேன். "அய்யோ, அப்ப ரொம்பக் கஷ்டம் சார்" என்றான். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பரிதாபப்பட்டான். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது நினைத்தால் அவன் சொன்னதில் தப்பில்லை என்று தோன்றுகிறது. விழவே மாட்டோம் என்கிற மாதிரி நடமாடுகிறவர்கள் நடுவில் ஒருவன் விழுந்துவிட்டால் அவன் எங்கே போய் எழுந்திருப்பான்? நம் சபையில் அதற்கு இடமே நாங்கள் வைத்திருக்கவில்லை.

இனி அந்த ஈஸ்டருக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் இத்தனை காலமாக அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பேசி வந்திருக்கிறோம். வேலூர்ப் பக்கத்து மறுவாழ்வு மையத்திலிருந்து நீ ஈஸ்டருக்கு முந்தைய லெந்து விரத நாட்களின் கடைசியில் வந்தாய். இளைத்திருந்தாய், ஆனால் கண் தெளிந்திருந்தது. உன் அம்மா நீ வந்த அன்று மீன் குழம்பு வைத்துவிட்டு, நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஈஸ்டர் காலையில் நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் நின்றாய். "ப்பா, நான் அப்பம் மட்டும் எடுத்துக்கினு எழுந்துடறேன். ஒரு சொட்டு கூட நாக்குல படக் கூடாதுன்னு அங்க சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றாய். திருவிருந்தில் அப்பத்துக்குப் பிறகு பாத்திரத்தில் நம் சபையில் கொடுப்பது வெறும் திராட்சைச் சாறு இல்லை. பெண்கள் சங்கத்தில் பன்னீர் திராட்சையைச் சர்க்கரை போட்டு ஜாடியில் ஊறவைத்து எடுக்கிற ரசம், நன்றாகப் புளித்தது. உனக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். தெரிந்தும் நான் என்ன சொன்னேன்? "அது கர்த்தருடைய பாத்திரம்டா. ஒயின் ஷாப்பு சரக்கா அது? விசுவாசத்தோட எடுத்தா ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

விசுவாசத்தினால் சொன்னேன் என்றால் நானும் என்னை மன்னித்துவிடுவேன். அப்படிச் சொல்லவில்லை. நம் சபையில் திருவிருந்தின்போது ஒருவன் பாத்திரத்தை எடுக்காமல் எழுந்து வந்தால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியாதா? அவன் மேல் ஏதோ குற்றம் இருக்கிறது என்று அர்த்தம். ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் என்ன, ஏது என்று நாலு கதை கிளம்பிவிடும். உன்னைப் பற்றி ஊரே பேசி ஓய்ந்திருந்த நேரம் அது. மையத்துக்குப் போனதை நான் யாரிடமும் சொல்லவில்லை, வெளியூரில் வேலை என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று தெரிந்தும் நான் ஒரு மூடி செய்துகொண்டிருந்தேன், அதற்கு உன்னைத்தான் உபயோகித்தேன்.

பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்கால் போட்டோம். நீ என் இடது பக்கம். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் சபையாக எழுந்து நின்று பரமண்டல ஜெபம் சொன்னோம். எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல் என்று வருகிற அந்த இடத்தில் என் குரல் மற்ற எல்லாரையும் விடச் சத்தமாகக் கேட்டிருக்கும். அப்பம் வந்தது, வாங்கினாய். பாத்திரம் நம் பக்கம் வரும்போது நீ எழுந்திருக்கப் பார்த்தாய். நான் உன் முழங்கையைப் பிடித்தேன். அழுத்திப் பிடித்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, விட்டுவிடுங்களேன் என்று கெஞ்சுகிற பார்வை. நான் உன்னைப் பார்க்காமல் பீடத்தில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ உட்கார்ந்தாய், குடித்தாய். சோதனைக்குட்படப்பண்ணாமல் காத்தருளும் என்று கேட்டவனே, தன் மகனைக் கையைப் பிடித்து அதற்குள் உட்கார வைத்தான்.

அன்று சாயந்தரம் நீ வீட்டில் இல்லை. கடைசியில் உன்னைக் கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கடை வாசலிலிருந்து ஏழுமலைதான் கூட்டி வந்தான். அதற்குப் பிறகு வந்த காலத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை, அது உன்னுடையது. நான் அந்தக் காலமெல்லாம் சபையில் என்ன சொன்னேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். "விசுவாசம் பத்தல பிரதர், இன்னா பண்றது" என்று சொன்னேன். உன்னுடைய விசுவாசத்தைச் சொன்னேன். கேட்டவர்கள் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்கள். மகனுக்காக இவ்வளவு பாரத்தைச் சுமக்கிறாரே என்று என் மேல் மரியாதை ஏறியதே தவிர குறையவில்லை. உன்னை விழத் தள்ளிவிட்டு, நீ விழுந்ததற்கும் ஆறுதல் வாங்கிக்கொண்டேன் நான்.

அந்த ஈஸ்டருக்கு ஜாடியில் திராட்சையைப் பிசைந்து ஊறவைத்தது உன் அம்மா. அதற்கப்புறம் அவள் அந்த வேலையை ஒப்புக்கொள்ளவே இல்லை. பெண்கள் சங்கத்தில் கேட்டால், "கை வலிங்க, பிசைய முடியல" என்பாள். வீட்டில் சப்பாத்தி மாவு பிசைகிற கைதான் அது. அவள் ஏன் நிறுத்தினாள் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேர் ஆளுக்கு ஒரு வலியைச் சொல்லிக்கொண்டு காலத்தை ஓட்டினோம்.

நீயாகத்தான் ஓசூருக்குப் போனாய். நான் அனுப்பவில்லை, என் ஜெபம் அனுப்பியது என்றும் சொல்லிக்கொள்ள மாட்டேன். குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டத்துக்குப் போகிறேன் என்று நீ அம்மாவிடம் சொன்னபோது, சபைக்குப் போகாமல் அங்கே என்ன கூட்டம் என்று முணுமுணுத்தேன். அங்கே ஒவ்வொருத்தரும் எழுந்து நின்று, நான் குடிகாரன் என்று முதலில் சொல்ல வேண்டுமாமே. சபையில் இத்தனை வருஷம் பாவ அறிக்கை வாசிக்கிறோம், எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் வாசிப்பதால் அதில் எந்தப் பாவம் யாருடையது என்று தெரியாது. தனியாக எழுந்து நின்று சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், அதற்கு முன்னால் சுகந்தி வந்ததைச் சொல்ல வேண்டும்.

நிச்சயம் முடிந்த பிறகு ஒருநாள் அவள் கீழ்பென்னாத்தூரிலிருந்து அவள் அம்மாவோடு புடவை எடுக்க வந்திருந்தாளே, அப்போது நம் வீட்டுக்கும் வந்தாள். பெரியவர்கள் இரண்டு பேரும் உள்ளே புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "மாமா, அவரு எல்லாத்தையும் எங்கிட்ட சொல்லிட்டாரு. பேசினப்பவே சொல்லிட்டாரு. எங்க அப்பா அம்மாவுக்கும் தெரியும்" என்றாள். நான் கட்டிக் காத்த ரகசியத்தை நீ நிச்சயம் ஆகும் முன்னாலேயே அவிழ்த்துப் போட்டிருக்கிறாய், ஒன்றும் இடிந்து விழவில்லை. பிறகு சொன்னாள்: "ஆஸ்பத்திரியில நான் எத்தனையோ பேரப் பாக்கறேன் மாமா. இனிமே தொட மாட்டேன்னு சத்தியம் பண்றவங்கள நான் நம்ப மாட்டேன். எனக்குப் பயமா இருக்குன்னு சொல்றவங்களத்தான் நம்புவேன். இவரு பயமா இருக்குன்னு சொன்னாரு." நல்ல பெண்ணடா. நர்ஸ் வேலை பார்க்கிறவளுக்கு மனுஷன் உடம்பு மட்டும் இல்லை, வேறும் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு கேட்ட பிறகும் நான் திருந்தவில்லை. நீ போன் செய்த மறுநாள் போதகரிடம் போனேன். நீ கேட்டபடி திருவிருந்து வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். அவர் ஏன் என்று கேட்டார். நம் சபையில் மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் ஒரே பாத்திரத்தில் வாங்கி, பெற்றவர்கள் இரண்டு பக்கமும் முழங்கால் போட்டு வாங்குவதுதானே கல்யாணத்தின் அழகு என்று அவருக்கு எண்ணம். நான், "வெயில் ஜாஸ்தியா இருக்குங்க. வயசானவங்க வருவாங்க. ஆராதனை கம்மி நேரத்துல முடிஞ்சா நல்லது" என்றேன். அவர் சரி என்றார். கேட்டைத் திறந்து வெளியே வரும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? உனக்கும் ஆபத்து இல்லை, எனக்கும் கேள்வி இல்லை. நீ பயந்து கேட்டதை என் வெட்கத்துக்கு வசதியாக ஆக்கிக்கொண்டேன். அந்த நிம்மதிதான் பிறகு என்னைத் தூங்க விடவில்லை.

போன ஞாயிறு மாசத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. நானும் அம்மாவும் வழக்கம்போல் போய் முழங்கால் போட்டோம். நான் எதையும் தீர்மானித்துக்கொண்டு போகவில்லை, வீரம் எதுவும் இல்லை. அப்பம் வாங்கினேன். பாத்திரம் பக்கத்தில் வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ என்னைப் பார்த்த அந்தப் பார்வை வந்தது. எத்தனையோ திருவிருந்து எடுத்திருக்கிறேன், அது ஒருநாளும் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது. என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன். எழுந்தேன் என்று சொல்வதே தப்பு, முட்டி மடங்கி, முன்னாலிருந்த மரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றேன். உன் அம்மா பயந்துபோய், ஆலயம் முழுக்கக் கேட்கும்படி, "இன்னாங்க, நெஞ்சு வலிக்குதா?" என்றாள். போதகர் பாத்திரத்தோடு நின்றுவிட்டார். பின்னால் எல்லாத் தலைகளும் திரும்பியிருக்கும். என் இடத்துக்குத் திரும்பி நடந்த அந்தத் தூரம் இருக்கிறதே மகனே, பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது எல்லார் கண்ணுக்கும் முன்னால் நீ எவ்வளவு தூரம் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

இதோடு நிறுத்தினால் நான் நல்லவனாக ஆகிவிடுவேன். வெளியே வந்ததும் சபைச் செயலர் பிடித்துக்கொண்டார். "இன்னா பிரதர், பாத்திரம் எடுக்கல போல?" என்றார். நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "காலையிலிருந்தே வயிறு சரியில்லைங்க" என்றேன். எழுந்து நிற்கத் தெரிந்தவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தேன். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "வயிறு இல்லதான?" என்றாள். இல்லை என்றேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் கை வலி இல்லைங்க" என்றாள். ரொம்ப நேரம் அழுதோம்.

புதன்கிழமை போதகர் வீட்டுக்குத் திரும்பப் போனேன். இந்த முறை அம்மாவும் வந்தாள், நான் பாதியில் வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று அவளுக்குச் சந்தேகம். எல்லாவற்றையும் சொன்னேன், ஈஸ்டரையும் சொன்னேன். நீ மன்னிக்க வேண்டும், உன்னைக் கேட்காமல் சொன்னேன். ஆனால் உன் கதையைச் சொல்லவில்லை, என் கதையைத்தான் சொன்னேன். அவருக்கு உன்னைவிட வயது குறைவுதான். "அய்யா, வெயில்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம். இந்த ஊர்ல எந்த மாசம் வெயில் இல்ல?" என்றார். பிறகு, "அப்பம் மட்டும் எடுத்தாலும் அவருக்கு ஆண்டவர் கம்மியா வர மாட்டாருங்க. திருவிருந்து வைக்கிறதும் வேணாங்கறதும் அவர் இஷ்டம். உங்க கவுரவத்துக்காக வைக்கவும் வேணாம், உங்க வெக்கத்துக்காக எடுத்துடவும் வேணாம்" என்றார். ஈஸ்டருக்கு முன்னால் இதைச் சொல்ல ஒரு ஆள் எனக்கு இருந்தாரா, நான்தான் யாரையும் கேட்கவில்லையா என்று யோசித்துப் பார்த்தேன். கேட்கவில்லை.

அதனால் இப்போது உன்னிடம் கேட்கிறேன், நீ சொல்வதுதான் முடிவு. வேண்டாம் என்றால் வேண்டாம், அந்த வாசனையே பக்கத்தில் வரக் கூடாது என்று நீ நினைத்தால் அது கோழைத்தனம் இல்லை. கிட்டே போய் நின்று தாங்கிக் காட்டுவதுதான் விசுவாசம் என்று நான் உனக்குத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். தூரமாகப் போய்விடுவதும் விசுவாசம்தான், அதிரசத்தில் நான் கற்றுக்கொண்டது அது. இப்போது அம்மா டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கிறாள். வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்கிறவர்களிடம் இந்த முறை வெயில் என்று சொல்ல மாட்டேன். வேண்டும், அப்பம் மட்டும் போதும் என்று சொன்னால் அப்படியே வைப்போம். சுகந்தி உன்னோடு எழுந்திருப்பேன் என்கிறாள். அம்மாவும் நானும் எழுந்திருப்போம். நீ ஒருவன் மட்டும் எழுந்தாய் என்று யாரும் பேச முடியாது.

உனக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் நாட்கள் இருக்கின்றன. கஷ்டமான நாளில் குடிக்கிற நினைப்பு வரும், சந்தோஷமான நாளில் அதைவிட அதிகமாக வரும். வரும்போது சுகந்தியிடம் சொல். அவள் தூங்கினாலும் எழுப்பிச் சொல். ஒருவேளை ஒருநாள் விழுந்துவிட்டாய் என்றால் அன்றைக்கே எனக்குப் போன் செய். விசுவாசம் பத்தல என்று இந்த வாயால் இன்னொரு தடவை சொல்ல மாட்டேன். பஸ் ஏறி வந்துவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. அப்பா மாறிவிட்டார் என்று நம்பிக்கொண்டு நீ அந்த இடத்தில் வந்து முழங்கால் போடாதே. அன்றைக்கு நான் பட்டு வேட்டி கட்டியிருப்பேன். பின்னால் சம்பந்தி வீட்டார், சபைச் செயலர், டெப்போ ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றும் என்று எனக்கே தெரியாது. போன ஞாயிறு எழுந்த ஆசாமிதான், வெளியே வந்து வயிறு என்று சொன்னவனும். பழைய புத்தி வந்தாலும் வரும், என் கை என்னைக் கேட்காமலே உன் முழங்கைக்கு வந்தாலும் வரும். வந்தால் தட்டிவிடு. அப்பா கையாயிற்றே, கல்யாண நாளாயிற்றே என்று தயங்காதே. தட்டிவிட்டு எழுந்து, சுகந்தியைக் கூட்டிக்கொண்டு உன் இடத்துக்குப் போய் உட்கார். எனக்குக் கோபம் வந்தால் அதை நானும் ஆண்டவரும் பார்த்துக்கொள்கிறோம்.

அப்பா